அர்செனால்னா: ஆழம் யாருடையது?

1

கீவ் நகரத்தை நான் பார்த்ததில்லை. பார்க்காத ஊரின் ரயில் நிலையம் ஒன்றைப் பற்றி எழுத உட்காருவதற்கு ஏதாவது ஒரு நியாயம் வேண்டும். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று, எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த ஒரு தகரப்பெட்டி. இன்னொன்று, 2022 பிப்ரவரி கடைசியில் என் அக்கா மகனிடமிருந்து விட்டுவிட்டு வந்த தொலைபேசிப் பேச்சு.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி, சங்கத்து ஆள். பெட்டி முழுக்க 'சோவியத் நாடு' இதழ்களும் மாஸ்கோவில் அச்சாகி வந்த மலிவு விலைப் புத்தகங்களும். சோவியத் ஒன்றியம் உடைந்து நாலைந்து வருஷம் ஆன பிறகும் அவர் அந்தப் பெட்டியைத் திறந்து எனக்குப் படம் காட்டுவார். வழவழப்பான தாளில் பளிங்குத் தூண்கள், வளைந்த கூரை, சரவிளக்கு. "இது எந்த ராசாவோட அரமனைன்னு சொல்லு பாப்போம்" என்பார். எனக்கு விடை தெரியும், இருந்தாலும் தெரியாத மாதிரி நிற்பேன். "ரயிலடிடா. வேலைக்குப் போறவன் காத்து நிக்கிற எடம்" என்று அவரே முடித்து வைப்பார். அது மாஸ்கோ மெட்ரோ. அந்தப் படத்தில் காத்து நிற்கிற ஒருவரும் இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அக்கா மகன் கீவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். ஆற்றின் இடது கரையில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தான். 24ஆம் தேதி விடியும் முன்னே குண்டுச் சத்தம் கேட்டிருக்கிறது. அன்று மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து வலது கரைக்கு வந்து, பூமிக்கு அடியில் இறங்கிவிட்டார்கள். "மாமா, படி முடியவே மாட்டேங்குது மாமா. எறங்கிக்கிட்டே இருக்கோம்" என்றான். "எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லதுடா" என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் என்ன இருந்தது? "அம்மாகிட்ட ரூம்லதான் இருக்கேன்னு சொல்லுங்க" என்றான். சொன்னேன்.

அவன் இறங்கிய நிலையத்தின் பெயர் அர்செனால்னா. மூன்று இரவுகள் அங்கே படுத்திருந்துவிட்டு, லிவிவ் போகிற ரயிலில் நெருக்கியடித்து ஏறி, எல்லை கடந்து மார்ச்சில் ஊர் வந்து சேர்ந்தான். 'எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது' என்று நான் சொன்ன வாக்கியம் மட்டும் என்னை விடவில்லை. யாருக்கு நல்லது? அந்த ஆழம் யாருடையது? இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைத் திருப்பி வாசித்துப் பார்க்கிற முயற்சிதான்.

2

முதலில் தகவல்கள். கீவ் மெட்ரோ 1960 நவம்பர் 6 அன்று ஐந்து நிலையங்களோடு தொடங்கியது. அவற்றில் ஒன்று அர்செனால்னா. தரையிலிருந்து 105.5 மீட்டர் கீழே. 2022-ல் சீனாவின் சொங்சிங் நகரத்தில் 116 மீட்டர் ஆழத்தில் ஹொங்யான்சுன் நிலையம் திறக்கப்படும்வரை, உலகத்தின் மிக ஆழமான சுரங்க ரயில் நிலையம் என்று இதைத்தான் சொல்லிவந்தார்கள். முப்பது மாடிக் கட்டடம் ஒன்றைத் தலைகீழாக மண்ணுக்குள் இறக்கியது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே நகரும் படிக்கட்டில் இறங்கிவிட முடியாது. ஒன்றில் இறங்கி, நடுவில் ஒரு கூடத்தில் நடந்து, இன்னொன்றில் இறங்க வேண்டும். மொத்தம் ஐந்து நிமிஷம் பிடிக்கும். இதற்குள் ரயிலே ரெண்டு நிலையம் தாண்டிவிடும்.

இந்த ஆழத்தில் ஒரு விசித்திரம் உண்டு. இங்கிருந்து கிழக்கே அடுத்த நிலையம் 'த்னிப்ரோ'. அது பூமிக்கு அடியில் இல்லை, ஆற்றங்கரையில் திறந்தவெளியில் இருக்கிறது. உலகத்தின் ஆழமான நிலையங்களில் ஒன்றிலிருந்து கிளம்பிய ரயில், அடுத்த நிலையத்தில் வெயிலில் நிற்கிறது. இது எப்படி? ரயில் செங்குத்தாக மேலே ஏறிவிட்டதா? இல்லை. மேற்குக் கரை உயர்ந்த மேடு, மேடு சட்டென்று ஆற்றில் இறங்குகிறது. தண்டவாளம் ஏறக்குறைய தன் போக்கில் போகிறது, மேடுதான் அதன் தலைக்கு மேலே 105 மீட்டர் எழும்பி நிற்கிறது. ஆக இங்கே ஆழம் என்பது ரயிலின் குணமே அல்ல, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் மேட்டின் உயரம். ஆழத்தை வாசிக்க வேண்டுமானால் மேலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாக வேண்டும்.

மேலே இருப்பது பெச்செர்ஸ்க். பெயருக்கே குகை என்றுதான் வேர். 11ஆம் நூற்றாண்டில் துறவிகள் இந்த மேட்டைக் குடைந்து குகைகளில் வாழ்ந்தார்கள், அதிலிருந்து பெரிய மடாலயம் வளர்ந்தது. பிற்பாடு ஜார் ஆட்சியின் கோட்டையும் ஆயுதச்சாலையும் வந்தன. இன்றைக்கு நாடாளுமன்றம், மாரியின்ஸ்கி அரண்மனை, அமைச்சரவைக் கட்டடம் எல்லாம் இந்தப் பகுதியில்தான். மதம், ராணுவம், அரசு என மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக ஏறி உட்கார்ந்த மேடு இது.

நிலையத்துக்குப் பெயர் கொடுத்தது அந்த ஆயுதச்சாலைதான். அதன் பழைய கட்டடம் இன்று 'மிஸ்தெத்ஸ்கி அர்செனால்' என்ற கலைக்கூடம். 2011 முதல் புத்தகத் திருவிழாவும் அங்கே நடந்திருக்கிறது. பீரங்கி வைத்திருந்த இடத்தில் புத்தகம். நமக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால், பெயருக்குள் புதைந்திருக்கும் இன்னொரு விஷயம் தப்பிவிடும்.

3

1918 ஜனவரி 29. அர்செனால் தொழிலாளர்கள் போல்ஷ்விக்குகளின் பக்கம் நின்று, கீவை ஆண்டுகொண்டிருந்த உக்ரைனின் மத்திய ராதா அரசுக்கு எதிராக எழுந்தார்கள். சில நாட்களில் ராதாவின் படை எழுச்சியை ரத்தத்தில் அடக்கியது. அதே ஜனவரி 29 அன்று, கீவை நோக்கி வந்துகொண்டிருந்த முராவியோவின் செம்படையை க்ரூத்தி என்ற ரயில் நிலையத்தருகே தடுத்து நின்ற மாணவர்களும் பயிற்சிப் படையினரும் கொல்லப்பட்டார்கள். பிப்ரவரியில் முராவியோவ் நகரத்தைப் பிடித்தபோது அங்கேயும் கொலைகள்.

ஒரே நாள், இரண்டு தியாகக் கதையாடல்கள். சோவியத் காலம் அர்செனாலை எடுத்துக்கொண்டு க்ரூத்தியை அழித்தது. 1923-ல் நிலையம் இருக்கும் இடத்தருகே பழைய பீடமொன்றின் மேல் ஒரு பீரங்கியை ஏற்றி வைத்தார்கள். அந்தப் பீடத்தில் முன்னால் நின்றிருந்தது ஜார் காலத்துச் சிலை. பீடம் மாறவில்லை, சிலைதான் மாறியது. 1991-க்குப் பிறகு க்ரூத்தி மேலே வந்தது, அர்செனால் எழுச்சி 'முதுகில் குத்திய' கதையானது. நிலையத்தின் உள்ளே புரட்சியைச் சொல்லும் சிற்பம் இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். கீவ் மெட்ரோவில் பல பெயர்கள் போயின. 2023 மே மாதத்தில் 'லேவ் தோல்ஸ்தாய் சதுக்கம்' என்ற நிலையம் 'உக்ரைன் வீரர்கள் சதுக்கம்' ஆனது, 'மக்கள் நட்புறவு' என்ற நிலையம் 'ஸ்வெரினெத்ஸ்கா' ஆனது. அர்செனால்னா மட்டும் அர்செனால்னாவாகவே தங்கியது. புரட்சி என்று கேட்கிறவனுக்குப் புரட்சி, கட்டடம் என்று கேட்கிறவனுக்குக் கட்டடம். இரட்டை அர்த்தம் உள்ள சொல்லுக்கு ஆயுசு கெட்டி என்று தெரிகிறது.

இந்த எழுச்சியைத்தான் அலெக்சாந்தர் தொவ்ஷென்கோ 1929-ல் 'அர்செனால்' என்ற மௌனப் படமாக எடுத்தார். 1918 வாக்கில் அவரே எதிர்த்தரப்பில், உக்ரைன் தேசியப் படையில் இருந்தார் என்று ஆய்வாளர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். எதிர்த்தரப்பில் நின்றவர் தோற்றவர்களுக்காக எடுத்த படம் என்று பார்த்தால், அதன் ஒவ்வொரு சட்டகத்திலும் ஒரு கூச்சம் ஓடுவது தெரியும். போரில் பிள்ளைகளை இழந்த தாய் வெறும் நிலத்தில் நிற்கிறாள். ஒற்றைக்கையன் குதிரையை அடிக்கிறான். நீ அடிக்க வேண்டியது என்னையல்ல என்று குதிரை அவனுக்குச் சொல்கிறது. கடைசிக் காட்சிதான் எல்லாரும் பேசுவது. தொழிலாளி தீமிஷின் இயந்திரத் துப்பாக்கி மக்கர் செய்கிறது. எதிரிகள் சுடுகிறார்கள், அவன் விழவில்லை. சட்டையைக் கிழித்து நெஞ்சைக் காட்டுகிறான், மறுபடியும் சுடுகிறார்கள். அப்போதும் விழவில்லை.

கல்லூரி நாட்களில் ஒரு திரைப்படக் கழகத்தில் இதைப் பார்த்தபோது எல்லாரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன். வர்க்கம் சாகாது, சரிதான். ஆனால் இன்று அந்தக் காட்சியையும் அதே பெயருள்ள நிலையத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் வேறொன்று தெரிகிறது. 1929-ல் தரைக்கு மேலே குண்டு துளைக்காத உடல். 31 வருஷம் கழித்து, அதே இடத்தில், தரைக்குக் கீழே 105.5 மீட்டர். சோவியத் நகரங்களின் ஆழ நிலையங்கள் வெறும் ரயிலுக்காகத் தோண்டியவை அல்ல. போர் வந்தால் பதுங்கிடமாக வேண்டும் என்றும் திட்டமிட்டவை, கனத்த எஃகு அடைப்புக் கதவுகளோடு. ஹிரோஷிமா நடந்துவிட்ட பிறகு, 1949-ல் தொடங்கிய வேலை இது. உடல் துளைபடும் என்று அரசுக்குத் தெரியும். மேலே சொன்ன கதையைக் கீழே அதுவே நம்பவில்லை. அழியாத உடலைப் பற்றிய பெருங்கதையாடலுக்கு அடியில், அழியக்கூடிய உடலைப் பற்றிய ஒரு பொறியியல் ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது. அர்செனால்னாவைப் பிரதி என்று எடுத்துக்கொண்டால் நான் அடிக்கோடிடுவது இந்த இடத்தைத்தான்.

4

நமக்கு மெட்ரோவை வாசிக்க இரண்டு பழக்கங்கள் உண்டு. முதல் பழக்கம் அப்பாவுடையது: மக்களின் அரண்மனை. ஜார் மாளிகையில் இருந்த பளிங்கும் சரவிளக்கும் உழைப்பவன் நடக்கிற இடத்துக்கு வந்துவிட்டன. இதை லேசில் சிரித்து ஒதுக்க முடியாது. பதினாலு வயசில் ஆலைக்குள் போய், பஞ்சுத்தூசியை மூச்சாக இழுத்தவருக்கு அழகும் தன் பங்கில் சேர்த்தி என்று ஒரு படம் சொல்லியிருக்கிறது. அப்படிச் சொன்ன வேறு எதுவும் அவர் கைக்கு வரவில்லை.

இரண்டாவது பழக்கம் என்னுடையது. எம்.ஏ. தமிழ் படிக்கும்போது பழைய சிற்றிதழ்களின் ஒளிநகல்களிலிருந்து பூக்கோவைக் கற்றுக்கொண்ட தலைமுறை நாங்கள். எங்களுக்கு எதைப் பார்த்தாலும் அதிகாரத்தின் காட்சிமேடை. 1935-ல் திறந்த மாஸ்கோ மெட்ரோ 1955 வரை ககனோவிச் பெயரைச் சுமந்தது. 1941 நவம்பர் 6 அன்று, ஜெர்மன் படை நெருங்கிக்கொண்டிருந்தபோது, மாயகோவ்ஸ்கி பெயருள்ள நிலையத்தின் நடைமேடையில் நின்று ஸ்டாலின் புரட்சி ஆண்டுவிழா உரை நிகழ்த்தினார். 2025 மே மாதம் மாஸ்கோவின் தகான்ஸ்கயா நிலையத்தில் ஸ்டாலினின் பழைய புடைப்புச் சிற்பத்துக்கு நகல் செய்து திரும்பவும் வைத்தார்கள். ஆக, மெட்ரோ என்பது அரசு தன்னை எழுதிக்கொள்ளும் சுவர். இதுவும் பொய்யில்லை.

ஆனால் அர்செனால்னா இரண்டு வாசிப்புக்கும் முழுசாகச் சிக்காது. அது அரண்மனை இல்லை. நீர் ஊறும் களிமண்ணில் தோண்டுவது சிரமமாகி, நடுமண்டபத்தைக் குட்டையாகவே முடித்துவிட்டார்கள். அதற்குள் குருஷ்சோவின் அரசு 1955-ல் கட்டடக்கலையின் 'மிதமிஞ்சிய அலங்கார'த்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டுவிட்டது. ஆகவே நகரத்தின் ஆழமான நிலையம் நகரத்தின் பகட்டான நிலையம் அல்ல. காட்சிமேடை என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது, காட்டுவதற்கு அதனிடம் பெரிதாக ஒன்றுமில்லை. அதனிடம் இருப்பது மண். தலைக்கு மேலே 105 மீட்டர் மண்.

இரண்டு வாசிப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. இரண்டுமே ஆட்கள் இல்லாத படத்தைத்தான் பார்க்கின்றன. அப்பாவின் படத்தில் தூணும் விளக்கும் இருக்கின்றன, என்னுடையதில் குறியும் அதிகாரமும் இருக்கின்றன. படுத்துத் தூங்குகிற உடல் இரண்டிலும் இல்லை.

2022-ல் அந்த உடல்கள் வந்தன. மார்ச் தொடக்கத்தில் ஓரிரவில் ஏறத்தாழ 40,000 பேர் கீவின் மெட்ரோ நிலையங்களில் தங்கினார்கள் என்று செய்திகள் சொன்னன. நடைமேடையில் பாய், போர்வை, பூனைக்கூண்டு. நிறுத்தி வைத்த ரயில் பெட்டிகளுக்குள் குழந்தைகள். 'தூணுக்குத் தூண் ஒரு குடும்பம் மாமா' என்றான் மருமகன். பளிங்கு சில்லென்று இருக்குமாம், யாரும் அதில் முதுகு சாய்க்கவில்லையாம்.

இங்கே உடனே மிஷேல் தெ செர்த்தோவைக் கூப்பிடத் தோன்றும். அதிகாரம் கட்டிய இடத்தைச் சாதாரண ஜனங்கள் தங்கள் புழக்கத்தால் வேறொன்றாக மாற்றிவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். லண்டனுக்கு அது பொருந்தும். 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டுகள் விழுந்தபோது, சுரங்க ரயில் நிலையங்களைப் பதுங்கிடமாக்க அரசு முதலில் சம்மதிக்கவில்லை. கிழக்கு லண்டனின் ஏழை ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், வெளியே வரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள், அரசு பணிந்தது. கீவில் அப்படியில்லை. அங்கே இந்தப் படுக்கையை அரசு அறுபது வருஷத்துக்கு முன்பே எதிர்பார்த்திருந்தது. ஜனங்கள் எதையும் மீறவில்லை. தங்களுக்காக ஒரு செத்துப்போன அரசு விட்டுச்சென்ற இடத்தில், அந்த அரசின் பெரிய வாரிசு வீசிய குண்டுக்குப் பயந்து படுத்தார்கள். இதை 'எதிர்ப்பு' என்று கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. உயிர் பிழைத்தல் என்று சொன்னாலே போதும், அதுவே பெரிய சொல்தான்.

5

இனிதான் என் கேள்வி. அந்த இடம் எல்லாருக்குமானதா?

அர்செனால்னாவிலிருந்து கிழக்கே அதே தடத்தில் இருக்கும் நிலையங்களைச் சொல்கிறேன்: த்னிப்ரோ, ஹித்ரோபார்க், லிவோபெரெஷ்னா, தார்னித்சா, செர்னிஹிவ்ஸ்கா, லிசோவா. ஆறுமே தரைமட்டத்திலோ அதற்கு மேலேயோ உள்ளவை. 1965-ல் ஆற்றின் மேல் பாலம் கட்டி இடது கரைக்கு ரயிலைக் கொண்டுபோனபோது, சமவெளியில் பூமியைத் தோண்டவில்லை. பணம் மிச்சம், வேலை சுளுவு, தோண்டுவதற்கு மேடும் இல்லை. அந்தச் சமவெளியில்தான் சோவியத் காலத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வரிசை வரிசையாக எழும்பின. வலது கரையில் வேலைசெய்து, இடது கரையில் தூங்கப் போகிறவர்களின் ஊர் அது. வடக்கே த்ரோயெஷ்சினா என்ற பெரிய குடியிருப்புக்கு மெட்ரோவே போகவில்லை. இடது கரைக்குப் போகும் இன்னொரு தடத்தில் பூமிக்கடியில் நிலையங்கள் உண்டு, ஆனால் அவை மேலோட்டமாகத் தோண்டப்பட்டவை.

ஆக, அரசும் மடாலயமும் உட்கார்ந்திருக்கும் மேட்டுக்கு அடியில் 105 மீட்டர். தொழிலாளர் குடியிருப்புக்கு அடியில் தண்டவாளத்தின் சரளைக்கல். யாரும் உட்கார்ந்து சதி செய்து இப்படிப் பிரிக்கவில்லை என்று சொல்லலாம். நிலம் அப்படி, என்ன செய்வது? சரி. ஆனால் நிலத்தின் மேட்டில் யார் குடியேறுவது, பள்ளத்தில் யார் குடியேறுவது என்பதை நிலமா தீர்மானிக்கிறது? நம்ம ஊரில் ஊர் மேட்டிலும் சேரி தாழ்வான பக்கத்திலும் இருப்பதை, வெள்ளம் வந்தால் எது முதலில் முங்கும் என்பதை, புவியியல் பாடமாகவா படிக்கிறோம்?

போர்க்காலத்தில் இது இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. அபாயச் சங்கு ஊதினால் திறந்தவெளித் தடங்களில் ரயில் நின்றுவிடும் என்பது விதி. இந்தத் தடத்தில் மேற்குப் பகுதியில் மட்டும் ரயில் ஓடும், அர்செனால்னா கடைசி நிலையமாகிவிடும். நியாயமான விதிதான், பாலத்தின் மேல் ரயிலை நிறுத்தி ஜனங்களைச் சாகவிட முடியாது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். வேலை முடிந்து வீடு திரும்புகிற இடது கரைக்காரன் அர்செனால்னாவில் இறக்கிவிடப்படுகிறான். அவன் பத்திரமாக இருக்கிறான், 105 மீட்டருக்கு அடியில். அவனுடைய வயசான அம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்பதாவது மாடியில் இருக்கிறாள். 2022 அக்டோபருக்குப் பிறகு மின்நிலையங்கள் மேல் தாக்குதல் தொடங்கியதிலிருந்து லிஃப்ட் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆழம் அவனுக்குக் கிடைத்தது, அவளுக்கு இல்லை. ஒரு நிலையத் தூரத்தில் அந்த எல்லை.

சங்கு எல்லாருக்கும் கேட்கிறது. இந்த இடத்தில் எனக்குப் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு ஞாபகம் வருகிறது. நெட்டிமையார் முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடியது. பசுக்களும், பார்ப்பனரும், பெண்களும், பிணியுள்ளவர்களும், பிள்ளை பெறாதவர்களும் உங்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள், அம்பு விடப்போகிறோம் என்று முன்னறிவிப்பு கொடுக்கிற அறம். வகுப்பறையில் இதைப் 'பழந்தமிழரின் போர் அறம்' என்று சொல்லித்தான் எங்களுக்கு நடத்தினார்கள், பரீட்சையில் அப்படியே எழுதி மார்க்கும் வாங்கினேன். பட்டியலில் இல்லாதவர்கள் யார் என்று அன்று கேட்கவில்லை. உழுகிறவன், குயவன், கூலிக்காரன், பறையடிப்பவன் எங்கே போவது? சரி, பட்டியலில் இருப்பவர்களுக்குப் போக ஓர் இடம் இருக்கிறது என்று மன்னன் எப்படி அனுமானித்தான்? முன்னறிவிப்பு கொடுத்தவுடன் அறம் நிறைவேறிவிட்டதாக ஆகிறது. அதற்குப் பிறகு செத்தால் அது செத்தவன் குற்றம், அறிவிப்பைக் கேட்கவில்லை என்று முடித்துவிடலாம். சங்கு ஊதுவதற்கும் பதுங்கிடம் இருப்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் அரசியல் என்கிறேன்.

மரியுபோல் நகரத்தில் மெட்ரோவே இல்லை. நாடக அரங்கில் தஞ்சமடைந்தவர்கள் வெளியே தரையில் 'குழந்தைகள்' என்று வானத்துக்குத் தெரிகிற அளவுக்கு எழுதி வைத்தார்கள். 2022 மார்ச் 16 அன்று அதன் மேல் குண்டு விழுந்தது. கார்கிவ் நகரத்தில் மெட்ரோ இருந்தது, ஆகவே 2023 செப்டம்பரிலிருந்து நிலையங்களுக்குள்ளேயே பள்ளிக்கூடம் நடந்தது. ஒரே நாடு, ஒரே போர். ஆழம் இருக்கிற இடத்தில் குழந்தை பாடம் படிக்கிறது, இல்லாத இடத்தில் தரையில் எழுத்தாகிறது.

6

2022 கடைசியில், நாங்கள் சிலர் மாதாமாதம் கூடுகிற வாசகர் வட்டத்தில் இதைப் பற்றிப் பேசினேன். பேசி முடித்ததும் ஒரு தோழர், மூத்தவர், ஈழ ஆதரவுப் போராட்டங்களில் சிறை போனவர், எழுந்தார். "தம்பி நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா உக்ரைன்காரன் வித்த மிக் விமானந்தான் நம்ம சனத்து மேல குண்டு போட்டது. அவன் இன்னிக்கு பூமிக்கடியில ஒளியிறான்னா நான் எதுக்கு அழணும்?" என்றார். அறை அமைதியாகிவிட்டது. அவர் சொன்ன தகவல் உண்மை. இலங்கை விமானப்படை 2000-லும் 2006-லும் மிக்-27 விமானங்களை உக்ரைனிலிருந்து வாங்கியது. 2006 பேரத்தில் ஊழல் நடந்தது என்று கொழும்புப் பத்திரிகையே அம்பலப்படுத்தியது.

அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். அண்ணன் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன்.

அந்த விமானங்கள் சோவியத் ஒன்றியத்தில் செய்தவை, ஒன்றியம் உடைந்தபோது உக்ரைனில் மிஞ்சியவை. அதாவது அர்செனால்னாவைத் தோண்டிய அதே அரசுதான் அந்த விமானத்தையும் செய்தது. ஆழமும் குண்டும் ஒரே பட்டறைச் சரக்கு. விற்றவன் காசு பார்த்த அதிகாரி, தரகன், அமைச்சர். நடைமேடையில் பூனைக்கூண்டோடு படுத்திருந்தவர்கள் அல்ல. இன்னொன்று. 2009 மே 27 அன்று ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் வந்தபோது ரஷ்யா, சீனா, கியூபா, நம்முடைய இந்தியா எல்லாம் ஆதரித்து வாக்களித்தன. உக்ரைன் நடுநிலை வகித்தது. இதனால் உக்ரைன் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. அரசுகளை வைத்துக் கண்ணீருக்குக் கணக்குப் போட ஆரம்பித்தால் பற்றுவரவு நேராகாது, யாருக்காகவும் அழ முடியாமல் போய்விடும் என்றுதான் சொல்கிறேன்.

வன்னியில் ஜனங்கள் பதுங்கு குழி வெட்டினார்கள். பனங்குற்றி அடுக்கி, சேலைகளைக் கிழித்துச் சாக்காகத் தைத்து மண் நிரப்பி வைத்தார்கள். முள்ளிவாய்க்கால் கடற்கரை மணலில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும், ஆழம் போக முடியாது. அங்கேயும் முன்னறிவிப்பு இருந்தது. 'பாதுகாப்பு வலயம்' என்று அரசு 2009-ல் மூன்று முறை கோடு போட்டுக் கொடுத்தது, கோட்டுக்கு உள்ளேயே ஷெல் விழுந்தது. இடுப்பளவு மணல் குழியில் இருந்து மேலே பார்த்தவர்களின் பிள்ளைகள் நாம் என்றால், 105 மீட்டரைப் பார்த்து நமக்கு வர வேண்டியது வஞ்சம் இல்லை. அந்த ஆழம் ஏன் எல்லாருக்கும் இல்லை என்ற கேள்விதான் வர வேண்டும். ஆழத்தின் அருமை இல்லாதவனுக்குத்தானே தெரியும்? த்ரோயெஷ்சினாவின் ஒன்பதாவது மாடியில் இருக்கும் கிழவியை நாம் எளிதாக அடையாளம் கண்டுகொள்ள முடியும். மேட்டில் இருப்பவர்களால் அது முடிகிறதா என்று தெரியவில்லை.

7

போன பொங்கலுக்கு மருமகன் வீட்டுக்கு வந்திருந்தான். படிப்பை வேறு நாட்டில் தொடர்கிறான். அர்செனால்னாவில் எடுத்த படங்களை அப்பாவுக்குக் காட்டினான். அப்பாவுக்கு இப்போது பார்வை மங்கல், செல்போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வளைந்த கூரை, தூண், தூணுக்குத் தூண் படுத்திருக்கும் ஜனங்கள். நான் காத்துக்கொண்டிருந்தேன். அரமனை என்று சொல்வாரா, இல்லை அழுவாரா என்று. எம்.ஏ. படித்தவனின் புத்தி இப்படித்தான் போகும்.

அவர் படத்தை விரலால் தள்ளிப் பெரிசாக்கத் தெரியாமல் பேரனிடம் கொடுத்துப் பெரிசாக்கச் சொன்னார். ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஆலைவாசலில் ஷிப்ட் மாறும்போது தலை எண்ணிப் பழகிய ஆள் அவர். பிறகு கேட்டார்:

"கரண்டு போனா இந்தப் படி ஓடாதில்ல? வயசானவங்க எப்படிடா மேல ஏறுனாங்க?"

மருமகனுக்குப் பதில் தெரியவில்லை. "நிறைய பேரு எறங்கவே இல்ல தாத்தா" என்றான்.